எழுத்துக் கோத்த கை

இரண்டாமாண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்

சினிமா நடிகர்களைப் பற்றிப் பேசாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? எங்கள் மொரப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர், சந்தைக்கு வந்தவர், முடிதிருத்தும் கடையில் தம் முறை வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர் என எல்லாருக்கும் நடிகர்களைப் பற்றிச் சொல்ல நான்கு செய்திகள் உண்டு. ஆனால் அந்த நடிகர் யாரிடம் தொழில் கற்றார், எந்த ஆண்டில் மேடை ஏறினார், எதனால் உயர்ந்தார், எதனால் வீழ்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கே நின்றுவிடும். பேச்சு பெருகிக் கிடக்கும் நாட்டில் வரலாறு குறைவாகவே இருக்கிறது.

ஒரு நடிகர் புகழின் உச்சியில் நிற்கும்போது அவரைச் சுற்றி ஆயிரம் பேனாக்கள் இருக்கும். அவர் சறுக்கி விழுந்த பிறகு, அவர் வீட்டு வாசலில் ஒரு பேனாவையும் காண முடியாது. அப்படி விழுந்தவர்களின் வாழ்க்கையைத் தேடிச் சென்று எழுதியவர் ஒருவர் தமிழில் இருந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர் அல்லர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்க வாய்ப்பில்லாதவர். அச்சகத்தில் நின்றபடியே ஈய எழுத்துகளைக் கோத்துக் கூலி வாங்கியவர். அவர்தாம் விந்தன். சிறுகதை ஆசிரியராக அவரை அறிந்தவர் பலர். திரைக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய விந்தனை நம் மாணவ நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பிழைப்பும்

காஞ்சிபுரத்தை அடுத்த நாவலூரில் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் வேதாசலம், ஜானகி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோவிந்தன். வறுமை சென்னைக்குக் கொண்டு வந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வயிற்றுக்காகச் சிறு வயதிலேயே உழைக்க வேண்டியவரானார். பின்னர் அச்சுக் கோக்கும் தொழிலில் சேர்ந்தார். ஆனந்த விகடன் அச்சகத்திலும் அதன்பின் கல்கி அச்சகத்திலும் கம்பாசிடராக வேலை பார்த்தார்.

கம்பாசிடர் என்ற சொல்லே இன்று நம்மில் பலருக்குப் புதிது. என் தாத்தா அரூரில் ஓர் அச்சகத்தில் அந்த வேலை பார்த்தவர். அதனால் அதன் கஷ்டம் எனக்கு ஓரளவு தெரியும். சாய்த்து வைத்த மரக் கேஸில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு அறைகள் இருக்கும். அகரம் ஓர் அறையில், ககரம் ஓர் அறையில், கொம்பு ஓர் அறையில், கால் ஓர் அறையில். தமிழுக்கு எழுத்துகள் மிகுதி. ஆதலால் அறைகளும் மிகுதி. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகவே அறையைத் தேடிச் சென்று எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்கும். கோத்த வரி கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறி நிற்கும். அதைத் தலைகீழாகவே படித்துப் பழக வேண்டும். அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அந்தந்த அறையில் போட வேண்டும். நாள் முழுவதும் நிற்பதால் கால் வீங்கும். விரல் நுனிகளில் ஈயக் கறை ஏறிவிடும். இத்தனை செய்தும் அச்சான புத்தகத்தில் அவர் பெயர் எங்கும் இராது. என் தாத்தா கோத்த கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் திருவிழா நோட்டீசுகளும் எத்தனையோ ஆயிரம். அவற்றில் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.

அந்தப் பெயரில்லாத கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, தம் பெயரை அட்டையில் பொறித்தவர் விந்தன். பிறர் எழுதியதைக் கோத்துக் கோத்தே எழுத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றார். எந்த வாக்கியம் நீளம், எந்தச் சொல் வீண் என்பதை விரலால் அறிந்தவர் அவர். வீணான ஒரு சொல்லுக்கும் எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து அடுக்கியவருக்கு அதன் சுமை தெரியாதா?

கல்கி இதழில் அவர் எழுதிய கதைகள் ஆசிரியர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் கவனத்தைக் கவர்ந்தன. அச்சுக் கூடத்தில் நின்றவர் ஆசிரியர் குழுவில் இடம் பெற்றார். கோவிந்தன் என்ற பெயர் விந்தன் ஆயிற்று. கோ என்றால் அரசன் என்று நம் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். பெயரிலிருந்த அரசன் நீங்கிய பிறகே ஏழை எளியவரின் எழுத்தாளர் பிறந்தார் என்று எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது!

1946இல் வெளிவந்த முல்லைக் கொடியாள் என்ற சிறுகதைத் தொகுதிக்குத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பரிசு கிடைத்தது. அடுத்து, கல்கியில் தொடராக வந்த பாலும் பாவையும் என்ற நாவல் அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அவர் கதைகளில் வருபவர்கள் ரிக்ஷா இழுப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், வேலையிழந்த தொழிலாளிகள். அவர்கள் மீது இரக்கப்படச் சொல்லி அவர் எழுதவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது ஏன் சேரவில்லை என்று கேட்டு எழுதினார்.

திரையுலகின் உள்ளே

1951இல் கல்கியை விட்டு விலகிய விந்தன் திரையுலகில் நுழைந்தார். 1953இல் வெளிவந்த அன்பு படத்துக்கு வசனம் எழுதினார். 1954இல் டி.ஆர். ராமண்ணா இயக்கிய கூண்டுக்கிளி படத்துக்குக் கதையும் வசனமும் அவருடையவை. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரே படம் அது. அந்த ஒரு காரணத்துக்காகவே அப்படத்தின் பெயரை இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். எழுதியவரின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? 1955இல் வந்த குலேபகாவலியிலும் 1960இல் வந்த பார்த்திபன் கனவிலும் அவர் பாடல்கள் உண்டு. அவற்றைப் பாடத் தெரிந்தவர்களில் பலருக்கு அவை விந்தனின் பாடல்கள் என்று தெரியாது. அச்சுக் கூடத்தைப் போலவே இங்கும் உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது.

1954இல் மனிதன் என்ற பெயரில் சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார். பொருள் வசதி இல்லாததால் சில இதழ்களோடு அது நின்றுபோயிற்று. திரையுலகமும் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. ஆனால் வேறொன்றைத் தந்தது. ஒளிவிளக்குகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவர் உள்ளிருந்து பார்த்தார். யார் கைதட்டுகிறார்கள், எதற்காகத் தட்டுகிறார்கள், எப்போது கையை மடக்கிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளுக்கு இந்த அனுபவமே உரமாயிற்று.

இரண்டு சிறைகள், இரண்டு வாழ்க்கைகள்

அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை விந்தன் தினமணி கதிரில் பணியாற்றினார். அக்காலத்தில்தான் இரண்டு கலைஞர்களின் வாழ்க்கையை எழுதினார். ஒருவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். மற்றவர் எம்.ஆர். ராதா. ஒருவர் தேனாய்ப் பாடியவர். மற்றவர் கரகரத்த குரலில் சமூகத்தைச் சாடியவர். பக்திப் படத்தில் நடித்தவர் ஒருவர். பகுத்தறிவை மேடையேற்றியவர் மற்றவர். இந்த இருவரையும் இணைக்கும் புள்ளி எது? இருவரும் புகழின் உச்சியிலிருந்து சிறைக்குச் சென்றவர்கள்!

பாகவதர் 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். 1934இல் பவளக்கொடி படத்தின் மூலம் திரைக்கு வந்தார். 1944 தீபாவளிக்கு வெளிவந்த அவரது ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே 1944 நவம்பரில் பத்திரிகையாளர் சி.என். லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையாயினர். திரையரங்கில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டே இருக்க, அதன் நாயகர் சிறையில் இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! வெளியே வந்தபின் பாகவதர் நடித்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. 1959 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். மொத்தம் பதினான்கே படங்கள்.

விந்தன் எழுதத் தொடங்கியபோது பாகவதர் உயிரோடு இல்லை. மறைந்தவரின் கதையை எழுதுபவன் பிறருடைய நினைவுகளையும் பழைய செய்திகளையும் நாடித்தான் ஆக வேண்டும். உச்சியில் இருந்த நாள்களைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். கடைசி நாள்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது. அந்தப் பாகவதரின் கதையை, அவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்து, புதிய நாயகர்களின் பெயர்கள் ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதியதே பெரிய காரியம் அல்லவா?

எம்.ஆர். ராதாவின் நிலை வேறு. 1907இல் சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர் அவர். நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த சந்தனத்தேவன் (1939) படத்திலும் நடித்தவர். பின் மேடைக்கே திரும்பினார். அவருடைய நாடகங்கள் கிளப்பிய பரபரப்பு, 1954இல் சென்னை மாநில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரும் அளவுக்குப் போயிற்று. அதே ஆண்டு ரத்தக்கண்ணீர் திரைப்படமாக வந்து அவரை மீண்டும் திரையில் நிலைநிறுத்தியது. 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட நிகழ்ச்சி தமிழகத்தையே உலுக்கியது. ராதா தண்டனை பெற்றுச் சிறை சென்றார். 1971இல் விடுதலையானார்.

அந்த நாள்களில் எம்.ஜி.ஆர். மீது மக்கள் வைத்திருந்த அன்பை நான் சொல்லத் தேவையில்லை. அவரைச் சுட்டவர் என்று ஊரே விரல் நீட்டிய ஒருவரிடம் போய் உட்கார்ந்து, அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். எம்.ஜி.ஆர். நடித்த படத்துக்கு வசனம் எழுதியவர் விந்தன் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். விந்தன் போனார். கேட்டார். எழுதினார். அப்படிப் பிறந்ததே எம்.ஆர். ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்.

அந்நூல் கேள்வியும் பதிலுமாக அமைந்தது. விந்தனின் கேள்விகள் சிறியவை. பதில்களை ராதாவின் பேச்சு வழக்கிலேயே விட்டுவிட்டார். பத்துக் கதைகள் எழுதிய எவருக்கும் அந்தப் பேச்சைத் திருத்தி அழகுபடுத்த வேண்டும் என்று கை துடிக்கும். விந்தன் தம் கையைக் கட்டிக்கொண்டார். படிக்கும்போது ராதாவின் குரலே காதில் விழுகிறது. பழைய நாடகக் கம்பெனிச் சிறுவர்கள் பட்ட பாடு, பெரியாரோடு கொண்ட தொடர்பு, கலைவாணரோடு கொண்ட நட்பு என்று பலவும் அதில் வருகின்றன. ஒரு நடிகரின் வரலாற்றைப் படிக்கப் போனவன், தமிழ் நாடக மேடையின் வரலாற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு வருகிறான்.

வேதியியல் செய்முறை ஏட்டில் நாங்கள் முதலில் கண்டதை எழுதுவோம். அதன் பிறகே முடிவை எழுதுவோம். நிறம் மாறியதா, வாயு வந்ததா, வீழ்படிவு உண்டாயிற்றா என்று கண்டபடி எழுதாமல், முடிவை முன்கூட்டியே தீர்மானித்து எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். விந்தன் ராதாவின் பேச்சைக் கண்டதைக் கண்டபடி எழுதும் ஏடாகவே வைத்திருக்கிறார்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. தம்மைப் பற்றித் தாமே பேசுபவர் தம் பக்கத்தைத்தான் சொல்வார். ராதாவின் நினைவில் இருந்தவை நூலில் இருக்கின்றன. ஆனால் அந்த வழக்கை முழுமையாக அறிய விரும்புபவர்கள் நீதிமன்றத் தீர்ப்புகளையும் அக்கால நாளிதழ்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்நூல் தீர்ப்பு அன்று, சாட்சியம். சாட்சியம் அழியாமல் காப்பாற்றப்பட்டதே விந்தன் செய்த தொண்டு. 1975இல் விந்தன் மறைந்தார். 1979இல் ராதாவும் மறைந்தார். அன்று கேட்டு எழுதாமல் விட்டிருந்தால், பின்னர் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்?

வம்பும் வரலாறும்

இங்கே ஒரு கேள்வி எழும். நடிகர்களின் சொந்த வாழ்க்கையை லட்சுமிகாந்தனும் எழுதினார்; விந்தனும் எழுதினார். வேறுபாடு என்ன? லட்சுமிகாந்தன் நடத்திய சினிமா தூது, இந்துநேசன் ஆகிய இதழ்கள் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தைக் கடைச்சரக்காக்கி விற்றவை. எழுதப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடமில்லை. விந்தனோ, எல்லாரும் குற்றம் சாட்டி முடித்த பிறகு, சாட்டப்பட்டவருக்குப் பேச இடம் கொடுத்தார். ஒருவர் உயரத்தில் இருக்கும்போது அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது வம்பு. அவர் விழுந்து கிடக்கும்போது வாசல் வழியாகச் சென்று நலம் விசாரித்து எழுதுவது வரலாறு. கைப்பேசியில் நொடிக்கு ஒரு வம்பு வந்து விழும் இந்நாளில் இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

மற்றொரு காரணத்தாலும் இத்தகைய நூல்கள் தேவை. திரைப்படம் அழியக் கூடியது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் இன்று இல்லை. ஆர். நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான கீசக வதமும் இல்லை. பழைய படங்களைத் திரட்டிக் காக்கத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் அமைந்தது 1964இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் மக்கிப் போயின. மொரப்பூரில் ரயிலேறினால் சேலத்துக்குச் சிறிது நேரத்தில் போய்விடலாம். அங்கே 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில், ஏற்காடு சாலையோரம் அதன் முகப்பு வளைவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. படச்சுருள் மக்கி, கட்டடமும் இடிந்த பிறகு, எஞ்சி நிற்பது எழுதி வைத்த எழுத்துதான்.

விந்தனுக்குப் பின் அந்தப் பணி வளர்ந்தது. அறந்தை நாராயணன் தமிழ் சினிமாவின் கதையை எழுதினார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய விவரங்களைச் சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு என்று 2004இல் நூலாக்கினார். சு. தியடோர் பாஸ்கரன் சினிமாவையும் அரசியலையும் இணைத்து ஆராய்ந்தார். இவர்கள் பட்டியலையும் ஆராய்ச்சியையும் தந்தார்கள். மனிதனின் குரலைத் தந்தவர் விந்தன்.

நமக்கு உரிய பாடம்

1975ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் விந்தன் மறைந்தார். கடைசி வரை அவர் செல்வராக வாழவில்லை. செல்வர்களின் தயவை நாடியும் எழுதவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறீர்கள். படித்தவர்கள்தாம் வரலாறு எழுத வேண்டும், அதுவும் பெரிய நகரத்துப் பெரிய மனிதர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் எப்படியோ ஊறிவிட்டது. விந்தனின் வாழ்க்கை அந்த எண்ணத்தை உடைக்கிறது. பட்டம் இல்லாதவர் எழுதினார். நமக்குப் பட்டம் கிடைக்கப் போகிறது. நாம் என்ன எழுதப் போகிறோம்?

நம் மாவட்டத்தில் தெருக்கூத்து ஆடி ஓய்ந்த வாத்தியார்கள் இருக்கிறார்கள். டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவர்கள், வீதி வீதியாக வண்டியில் போஸ்டர் ஒட்டி மைக்கில் கூவியவர்கள், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்களில் சிலர் குறைகிறார்கள். என் தாத்தாவின் பேச்சை எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். அவர் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், முதல் கூலி எவ்வளவு, கடைசியாகக் கோத்த வரி எது என்று கேட்டு எழுதி வருகிறேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. பதினோரு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.